நான் பசை போட்டு ஒட்டிய பதினொரு கடிதங்கள்

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டுக் கராஜில் நீங்கள் தொடங்கியிருக்கும் தமிழ் ஆவணக் காப்பகத்தைப் பார்க்கப் போன மாதம் என்னைக் கூப்பிட்டீர்கள். தின்ன றோல்ஸ் தந்தீர்கள், ஸ்கானரைக் காட்டினீர்கள், கடைசியில், "அங்கிள், உங்கட அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ, புதுசா வாற ஆக்களுக்குக் குடுப்பம்" என்றீர்கள். லண்டனில் ஓர் ஐரிஷ் காப்பகத்தில் இருபது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் ஏதோ சரக்கு இருக்கும் என்று நம்பிவிட்டீர்கள். நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் மூன்று வாரம் கடத்தினேன். இனிக் கடத்த ஏலாது.

எந்த அட்டைப் பெட்டி வாங்குவது, அறையை எவ்வளவு குளிராக வைப்பது என்பதையெல்லாம் கையேட்டில் வாசித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது ஒரு பிழையைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாமல் செய்த பிழை என்று தப்பிக்க வழியில்லை. பன்னிரண்டு வருட அனுபவத்தோடு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கவனமாகச் செய்தேன்.

ஒரு தமிழனுக்கு ஐரிஷ் காப்பகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நேர்முகத்தில் அவர்களும் அதைத்தான் கேட்டார்கள். அயர்லாந்தைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். அது ஒரு தீவு, அங்கே சண்டை நடந்தது, இளம் பிள்ளைகள் லண்டனுக்கு வந்து கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஊருக்குக் காகிதம் எழுதினார்கள் என்றேன். நான் நிறையப் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து வேலையைத் தந்துவிட்டார்கள். நான் என்னைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன்.

காப்பகம் வட லண்டனில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் இருந்தது. புதன்கிழமைகளில் கீழே ஐரிஷ் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு அவர்கள் பழைய படங்களையும் வேலை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியேறி எங்களிடம் வருவார்கள். நாங்கள் பிரதி எடுத்துக்கொண்டு, அசலைக் கையில் கொடுத்து, கதையைக் கேட்டு எழுதிக்கொள்வோம். சிலர் பெட்டியோடு விட்டுவிட்டும் போவார்கள். வருடத்துக்கு ஒருமுறை திறந்த நாள் வைத்து அவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் எல்லோருக்கும் காட்டுவோம். சேர்ப்பதும் காட்டுவதும் அந்தக் காப்பகத்தாருக்கு ஒரே வேலை. பூட்டி வைப்பதற்காக மட்டும் அவர்கள் ஒரு துண்டுக் கடதாசியையும் வாங்கியதில்லை.

எங்கள் பொறுப்பாளர் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்த பெண். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர், என்னைவிட ஒரு அடி உயரம். பெட்டியோடு ஒருவர் வாசலில் நின்றால் நான் பாய்ந்து படிவத்தை எடுப்பேன். அவர் கையைத் தட்டிவிட்டு, முதலில் தேநீருக்குக் கேத்திலைப் போடு என்பார். கையில் பேனை இருந்தால் மனிதர் பெயரையும் விலாசத்தையும் மட்டும்தான் சொல்லுவார், கையில் கோப்பை இருந்தால்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார் என்பது அவர் கட்சி. நான் அதை நம்முடைய 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' போல ஓர் உபசாரம் என்று நினைத்து, அந்த நேரத்தில் பிஸ்கட்டில் கவனமாக இருந்தேன்.

மிஸ்டர் ஜோ பெட்டியோடு வந்த நாளிலும் அப்படித்தான். அவருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. எல்லோரும் அவரை வெறும் ஜோ என்பார்கள். எனக்கு வயதானவரை மொட்டையாகக் கூப்பிட நா வராது, அதனால் மிஸ்டர் ஜோ. பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து, ஐம்பது வருடம் லண்டன் வீடுகளின் சுவர்களுக்குச் சாந்து பூசியவர். கல்யாணம் கட்டவில்லை. ஒற்றை அறையில் இருந்தார். அந்தப் பெட்டியில் நடன மண்டபப் படங்கள், தொழிற்சங்க அட்டை, ஒரு சப்பாத்துக் கடை பில், அடியில் நூலால் கட்டிய பதினொரு கடிதங்கள். ஊரிலிருந்து அவருடைய தாய் எழுதியவை. ஒன்றும் திறக்கப்படவில்லை.

தேநீரைக் குடித்துக்கொண்டே அவர் அந்தக் கட்டைத் தொட்டு, இதுகள் இப்படியே கிடக்கட்டும், நான் செத்த பிறகு வீட்டுக்காரன் குப்பையில் போட்டுவிடுவான், நீங்கள் என்றால் எறிய மாட்டீர்கள் என்றார். நான், ஓம் ஓம், இங்கே ஒன்றையும் எறிய மாட்டோம் என்றேன். இரண்டாவது பகுதி மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது. பொறுப்பாளர் அப்போது கீழே யாரையோ படியேற்றிவிடப் போயிருந்தார். பிறகு படிவத்தை எடுத்தேன். 'நிபந்தனைகள்' என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றொரு வதந்தி தொண்ணூறுகளில் லண்டன் மனோர் பார்க் தமிழர் மத்தியில் பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வந்து வேட்டியை மாற்றுவதற்குள் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். அகதி வழக்குப் பற்றிய ஹோம் ஒபிஸ் கடிதம், கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம். திறக்கப் பயந்து இரண்டு கிழமை கைப்பையில் கொண்டு திரிந்த கவர்கள், சிலவற்றில் விபூதி. நான் பெருவிரலால் சரக்கென்று கிழித்து, வாசித்து, "ஒண்டுமில்லை அக்கா, போய்ச் சமையுங்கோ" என்பேன். அல்லது "நாளைக்கு வக்கீலிட்டைப் போவம்" என்பேன். ஆயிரம் பேரின் கவரைக் கிழித்த கை இது. மூடிய கவர் என்றால் உதவி கேட்கிறது என்பதுதான் இதற்குத் தெரியும். அந்த முகங்களையெல்லாம் பார்த்தவனுக்கு, மூடிய கவருக்குப் பின்னால் பயந்த ஒரு மனிதர் இருக்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மிஸ்டர் ஜோவின் விஷயத்தில் எனக்கு முதலாவது மட்டும் ஞாபகம் வந்தது.

அந்த வருடத் திறந்த நாளுக்கு 'வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்' என்று தலைப்புப் போட்டிருந்தோம். அப்படியான கடிதங்கள் கிடைப்பது அரிது. பிள்ளைகள் ஊருக்கு எழுதியவற்றைத் தாய்மார் பத்திரமாக வைத்திருந்தார்கள். தாய்மார் எழுதியவற்றைப் பிள்ளைகள் அறைக்கு அறை மாறும்போது தொலைத்துவிட்டார்கள். அந்தக் கிழமை பொறுப்பாளர் ஒரு கூட்டத்துக்காக டப்ளின் போனார். வெள்ளி இரவுதான் திரும்புவார். முதல் தடவையாக முழுக் காப்பகமும் என் பொறுப்பு. கண்ணாடிப் பெட்டியில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. செவ்வாய் மத்தியானம் மிஸ்டர் ஜோவின் கட்டை எடுத்து நூலை அவிழ்த்தேன்.

பழைய பசை காய்ந்து போயிருந்தது. எலும்பால் செய்த மெல்லிய தகட்டை மடிப்புக்குள் விட்டு நகர்த்த, ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஒரு கிழிசல் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அதை என் மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன காணப் போகிறேன். பதினொன்றையும் ஒரே இருப்பில் வாசித்தேன். ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பக்கத்தில் வைத்து, பெட்டியைப் பூட்டினேன். அது என்ன வரி என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மிஸ்டர் ஜோ தொலைபேசியில் வந்தார். நாளைத் திறந்த நாளுக்குத் தன் சிநேகிதர் இரண்டு பேரோடு வருவதாகச் சொன்னார். அவர் பேசியது ஐரிஷ் ஆங்கிலம். என் நினைவில் இருப்பது நம்முடைய தமிழ். அதனால் இனி அவர் யாழ்ப்பாணத்து ஆள் போலப் பேசினால் குற்றம் என்னுடையது.

"அந்தக் காயிதங்கள் அப்பிடியே கிடக்குதோ?"

"அப்பிடியே கிடக்கு, மிஸ்டர் ஜோ."

வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. தேநீர், பிஸ்கட், 'இப்படியே கிடக்கட்டும்', எல்லாம் ஒரு வரிசையில் வந்து என் முன்னால் நின்றன.

அவரை உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. நான் என்ன செய்தேன்? கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். பதினொரு கடிதங்களையும் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்து, மெல்லிய தூரிகையால் பசை தடவி, மேலே கண்ணாடித் துண்டும் பாரமும் வைத்துப் பின்னேரம் வரை அழுத்தினேன். கண்ணாடிப் பெட்டியில் கடிதத்தின் இடத்தில் ஒரு நடன மண்டபப் படத்தை வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் செய்த மிகத் திறமான வேலை அதுதான். அந்தத் திறமைக்குத்தான் இன்றைக்கும் கூசுகிறேன். திறந்தது பழக்கதோஷம் என்று சொல்லலாம். ஒட்டியபோது நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை பொறுப்பாளர் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்து, இங்கே ஒரு கடிதம் வைப்பதாகச் சொன்னாயே என்றார். படம்தான் அழகாக இருந்தது என்றேன். இரண்டாவது பொய். முதலாவதைவிட இது சுலபமாக வந்தது.

பதினொரு மணிக்கு மிஸ்டர் ஜோ வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். எல்லாவற்றையும் ஆற அமரப் பார்த்துவிட்டு, தன் கட்டை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பொறுப்பாளரே போய் எடுத்துவந்து கொடுத்தார். மிஸ்டர் ஜோ கதிரையில் உட்கார்ந்து, மேலே இருந்த கவரின் மடிப்பில் பெருவிரலை வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்ல இழுத்தார். பிறகு இரண்டாவது கவர். பிறகு மூன்றாவது. ஐம்பது வருடம் வெடித்த சுவர்களைப் பூசி மறைத்த விரல்.

"இது ஆற்றை வேலை? ஆர் ஒட்டினது?"

சுற்றிவர ஆட்கள். எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு பகிடிதான்.

"ஏன் மிஸ்டர் ஜோ, வேலை நல்லாயில்லையோ?"

"நல்ல வேலைதான்," என்றார். "நானும் இப்பிடித்தான் மறைச்சிருப்பன்."

பொறுப்பாளர் எங்கள் இரண்டு பேரையும் அலுவலக அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மிஸ்டர் ஜோவுக்கு ஒரு கதிரை கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. செய்தது முழுவதையும் அவர் முன்னால் சொல்லு என்றார். செவ்வாயிலிருந்து தொடங்கிச் சொன்னேன். பசை காய்ச்சிய கட்டத்தில் ஒரு பகிடி வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. பகிடி இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது.

"எல்லாத்தையும் வாசிச்சனீயோ?" என்று கேட்டார் மிஸ்டர் ஜோ.

"ஓம். பதினொண்டையும்."

"அப்ப என்ரை அம்மாவைப் பற்றி என்னைவிட உனக்குக் கூடத் தெரியும்."

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். அவர் உடனே கையை உயர்த்தினார்.

"முகத்தை அங்காலை திருப்பு. காயிதம் முழுக்க உதிலை எழுதிக் கிடக்கு. நான் வாசிக்க விரும்பேல்லை."

ஐம்பத்தாறு வயதில், பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த காலத்தில், நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முன்னால் ஒரு தட்டில் கோப்புகள். முதுகுக்குப் பின்னால் அவர் பொறுப்பாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தகப்பன் செத்தபோது தந்தி வந்தது, அவர் போகவில்லை, மூன்று நாள் குடித்துவிட்டு அறையில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் தாயின் கடிதங்கள் வரத் தொடங்கின, வருடம் ஒன்று, டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால். திறந்தால் ஏச்சு இருக்கும் என்று பயந்தார். பிறகு, ஏச்சு இல்லாமல் இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பயந்தார். பதினோராவது வருடத்தோடு கடிதம் நின்றது. என்றைக்காவது மனம் துணிந்தால் வாசிப்பேன், அதை வாசிக்கிற முதல் ஆள் நானாக இருப்பேன், அது ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

பொறுப்பாளர் காப்பகத்தின் பெயரில் மன்னிப்புக் கேட்டார். கடிதங்களை இப்போதே கொண்டுபோகலாம், நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம் என்றார், எழுதத் தானே உதவுவதாகவும் சொன்னார். மிஸ்டர் ஜோ, எங்கே கொண்டுபோவது, இங்கேயே கிடக்கட்டும் என்று எழும்பினார். கீழே காத்திருந்த சிநேகிதரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புதன்கிழமைக்காரர் ஒருவரும் பிறகு எங்களிடம் பெட்டி கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அடுத்த புதன் அவர்கள் வழமைபோலப் படியேறி வந்து, தங்கள் தகப்பன்மாரின் படங்களை என் கையில் நம்பித் தந்தார்கள். ஒவ்வொன்றையும் வாங்கும்போது எனக்குச் சுட்டது.

பொறுப்பாளர் என்னை வேலையால் நிற்பாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அதைவிடப் பெரிய தண்டனை பிறகு வந்தது. அந்தக் கட்டுக்கு உரிய பட்டியல் குறிப்பில் நடந்ததை எழுதச் சொன்னார். பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உலகத்தில் யாரும் பார்க்கலாம். ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து, 'பராமரிப்பின்போது கவர்கள் திறக்கப்பட்டு மீள மூடப்பட்டன' என்று எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பினார். ஓரத்தில், யார், யாரைக் கேட்டு என்று பென்சிலில் எழுதியிருந்தது. நான்காவது தடவைதான் ஏற்றுக்கொண்டார். கொடுத்தவர் திறக்க வேண்டாம் என்று சொல்லியும் இந்தக் காப்பகத்தின் ஊழியர் ஒருவர் திறந்து வாசித்தார், பிறகு அதை மறைக்க ஒட்டினார் என்று இன்றைக்கும் அங்கே இருக்கிறது. நாளைக்கு ஓர் ஆய்வாளர் அந்தக் கவர்களைப் பார்த்து, தாயே இப்படி ஒட்டினாள் என்று எழுதிவிடக் கூடாது. எங்கள் வெட்கத்தைக் காப்பாற்ற இன்னொருத்தியின் கைவேலையை மாற்றிச் சொல்ல முடியாது என்றார் பொறுப்பாளர். பிள்ளைகளே, உங்கள் கராஜிலும் ஒருநாள் இப்படி ஒரு குறிப்பு எழுத வேண்டி வரும். எழுதுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், புதன்கிழமை மிஸ்டர் ஜோவின் இருமல் படியில் கேட்டால் நான் உள் அறைக்குப் போய்விடுவேன். என் முகம் அவருக்கு ஆபத்து. என் மனைவி இந்த முகத்தைப் பார்த்தே நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக்கூட அந்தக் கடிதங்களில் இருந்தது என்னவென்று நான் சொல்லவில்லை. எனக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

பிறகு ஒரு புதன்கிழமை பொறுப்பாளர் உள் அறைக்கு வந்து, அவர் உன்னைக் கூப்பிடுகிறார் என்றார். மிஸ்டர் ஜோ நன்றாக மெலிந்திருந்தார். மேசையில் அந்தக் கட்டு. பழக்கத்தில் நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

"பரவாயில்லை, இஞ்ச பார்," என்றார். "ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ன எழுதிக் கிடக்கு எண்டு சொல்லாதை. வாசிக்கேக்கை உனக்கு அழுகை வந்ததோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது. அது நல்ல பதில். அவருக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் கொஞ்சம் மரியாதை வரும். பொறுப்பாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ்டர் ஜோவுக்கு ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லியிருந்தேன். ஒன்று வாயால், ஒன்று பசையால்.

"இல்லை, மிஸ்டர் ஜோ," என்றேன். "நான் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு நல்ல வரி தேடிக்கொண்டிருந்தனான். அவ்வளவுதான் பாத்தனான்."

வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் இதைப் போல வெட்கமான ஒன்று இல்லை. ஒரு தாய் பதினொரு வருடம் எழுதியதை, கடைக்காரன் தக்காளி பொறுக்குவது போலப் பொறுக்கியிருக்கிறேன்.

மிஸ்டர் ஜோ நூலை அவிழ்த்து, அடியில் இருந்த முதல் வருடக் கடிதத்தை உருவி எடுத்துக் கோட்டின் உள் பொக்கற்றில் வைத்தார். கொடுத்தவர் ஒன்றை மீளப் பெற்றார் என்று பொறுப்பாளர் எழுதிக் காட்ட, கையெழுத்துப் போட்டார்.

"அப்ப இதை இன்னும் ஒருத்தரும் வாசிக்கேல்லை," என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.